வலைக்கண் ஒன்றாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழில் கடல் சூடாகி வருவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். திமிங்கலம், பவளப்பாறை, ஆமை எல்லாமே அதில் இருந்தன, நல்ல கட்டுரைதான். ஆனால் அந்தத் திமிங்கலமும் முட்டையிலிருந்து வெளிவந்த மீன்குஞ்சும் எதைத் தின்று உயிர் பிழைக்கின்றனவோ அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜூபிளாங்டன் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்திருப்போமே, அந்த விலங்கு மிதவையுயிரிகளைத்தான் சொல்கிறேன். குண்டூசித் தலை அளவே இருக்கும் கோப்பிபாட், இறால் போன்ற கிரில், கண்ணாடி மாதிரி உடம்புள்ள அம்புப்புழு, சொறிமீன், அப்புறம் நண்டு, சிப்பி, மீன் இவற்றின் இளங்குஞ்சுகள் எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. நீரோட்டம் போகும் பக்கமெல்லாம் போகிற உயிர்கள்.

இவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பிரித்து எண்ணுகிற வேலையைப் பல வருடங்கள் செய்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். இந்த உயிர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பல நாடுகள் பேசிவைத்து ஒரே மாதிரி வலையை ஒரே மாதிரி முறையில் விடாமல் இழுத்ததால் தெரியவந்தது. அந்தப் பழக்கம் இப்போது பல பக்கமும் அறுந்துகொண்டிருக்கிறது. ஏவுகணை ஒப்பந்தமோ வர்த்தக ஒப்பந்தமோ முறிந்தால் முதல் பக்கத்தில் வருகிறது, இது முறிந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை.

வலையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது. 330 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) கண்ணுள்ள வலையை இழுத்தால் பெரிய கோப்பிபாட்கள் மாட்டும், ஆயிதோனா மாதிரிச் சின்ன வகைகளில் பெரும்பாலானவை கண் வழியாக நழுவிப் போய்விடும். அதே இடத்தில் 200 மைக்ரான் வலையை இழுத்தால் அந்தச் சின்னவையும் இன்னும் நிறைய மாட்டும். கடல் ஒன்று, நாள் ஒன்று, உயிர்களும் அவையே, ஆனால் கணக்கு இரண்டு. எங்கள் மேசைக்கு ஒருமுறை ஒரே கடற்பகுதியில் பத்து வருட இடைவெளியில் இரண்டு குழுக்கள் எடுத்த தரவுகள் வந்தன. நடுவில் எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், கடல் வளமாகியிருக்கிறது என்று ஒரு அறிக்கைகூடத் தயாராகிவிட்டது. கடைசியில் பார்த்தால் முதல் குழு பெரிய கண் வலை, இரண்டாம் குழு சின்னக் கண் வலை. கடலில் என்ன மாறியது என்பதை அந்தத் தரவிலிருந்து இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு குழுக்களின் உழைப்பும், கப்பல் எரிபொருளும், எங்கள் கண்களும் அதற்காகச் செலவானவை.

இந்தச் சிக்கலை முன்னோர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1960-களில் யுனெஸ்கோவும், ஸ்கோர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சர்வதேசக் கடலாய்வு அறிவியல் குழுவும் பல நாட்டு ஆட்களை உட்காரவைத்து, வலையின் வாய் எவ்வளவு, கண் எவ்வளவு என்று முடிவு செய்தன. அப்படி வந்ததுதான் டபிள்யூபி-2 வலை. வாய்ப்பரப்பு கால் சதுர மீட்டர், கண் 200 மைக்ரான். 1968-ல் யுனெஸ்கோ அதைக் கையேடாகவே போட்டது. எங்கள் மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள், மாதிரியைச் சரிபாதியாகப் பிரிக்க அமெரிக்கரான ஃபோல்சம் பெயரில் ஒரு பிரிப்பான், எண்ணுவதற்கு சோவியத் விஞ்ஞானி பொகோரோவ் பெயரில் ஒரு வளைவு வளைவான தட்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். அவர்கள் நாடுகள் ஒன்றையொன்று எப்படிப் பார்த்தன என்பது உலகுக்கே தெரியும்.

இதில் நம் பக்கத்துக் கடலுக்கு ஒரு பெரிய இடம் உண்டு, அதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள். 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் 14 நாட்டுக் கொடிகளின் கீழ் 46 கப்பல்கள் கலந்துகொண்டன. அமெரிக்காவின் அன்டன் புரூன் கப்பலும் வந்தது, சோவியத்தின் வித்யாஸ் கப்பலும் வந்தது. கியூபா ஏவுகணை நெருக்கடி வந்த 1962-ஆம் ஆண்டும் இந்தக் காலத்துக்குள்தான் அடங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மிதவையுயிரிகளுக்கென்று இந்தியப் பெருங்கடல் தர வலை என ஒன்றை வடிவமைத்தார்கள். 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேல்மட்டம் வரை அதை நேராக மேலே இழுக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படிக் கிடைத்த மாதிரிகளை அவரவர் ஊருக்கு எடுத்துப் போகவில்லை, யுனெஸ்கோ உதவியோடு கொச்சியில் தொடங்கிய இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இந்தியப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, போத்தல் போத்தலாகப் பிரித்து, கோப்பிபாட் தனி, அம்புப்புழு தனி, மீன்முட்டை தனி என்று வகைப்படுத்தினார்கள். ஒவ்வொரு வகையும் அதில் தேர்ந்தவரிடம், அவர் எந்த நாட்டில் இருந்தாலும், போய்ச் சேர்ந்தது. எந்தப் பகுதியில் எது எவ்வளவு இருக்கிறது என்று வரைபடத் தொகுதிகளாகவே வெளிவந்தன. 1966-ல் தேசியக் கடலாய்வு நிறுவனம் உருவானபோது கொச்சி மையம் அதன் அங்கமானது. பணக்கார நாட்டுக் கப்பல்கள் வந்து அள்ளிக்கொண்டு போய், பத்து வருடம் கழித்து நம் கடலைப் பற்றி நமக்கே பாடம் எடுக்கும் வழக்கம் இன்றும் உலகில் இருக்கிறது. அப்படி இல்லாமல் மாதிரியும் வேலையும் பயிற்சியும் கரையோர நாட்டிலேயே தங்கிய முறை அது. ஒத்துழைப்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான். 2015 டிசம்பரில் கோவாவில் இரண்டாவது இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் தொடங்கியது. முதல் பயணத்தின் வலைக் கணக்கு இருப்பதால்தான் 50 வருடத்துக்கு முந்தைய கடலோடு இன்றைய கடலை ஒப்பிடும் பேச்சையே எடுக்க முடிகிறது.

இன்னொரு உதாரணமும் சொல்லியாக வேண்டும், எனக்கு இது மிகவும் பிடித்தது. அலிஸ்டர் ஹார்டி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1920-களில் ஒரு கருவி செய்தார். டார்பிடோ வடிவத்தில் ஒரு உலோகப் பெட்டி, கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டியது. முன்பக்கச் சிறு துளை வழியாக நீர் நுழையும், உள்ளே 270 மைக்ரான் கண்ணுள்ள பட்டுத் துணி ஒன்று உயிர்களைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் சிறு சுழலி நீரின் வேகத்தில் சுற்றச் சுற்ற அந்தத் துணி மெல்ல நகர்ந்து, மேலே இன்னொரு துணி மூடி, இரண்டுமாகச் சேர்ந்து, உடல்களைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் தொட்டிக்குள் சுருண்டுகொள்ளும். இழுத்துச் செல்ல ஆராய்ச்சிக் கப்பல் தேவையில்லை, சரக்குக் கப்பலும் பயணிகள் கப்பலும் போதும். 1931-ல் பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வட கடலில் தொடர்ந்து இழுக்க ஆரம்பித்தார்கள், போர்க்கால இடைவெளியைத் தவிர இன்றுவரை நடக்கிறது. பல நாட்டுச் சரக்குக் கப்பல் மாலுமிகள் இதைத் தங்கள் வேலையோடு வேலையாக இறக்கி ஏற்றித் தருகிறார்கள். 90 வருடத்துக்குப் பிறகும் பட்டுதான், கண்ணளவும் அதேதான். எத்தனையோ நவீன நைலான் வலைகள் வந்துவிட்டன, மாற்றினால் பழைய கணக்கோடு புதிய கணக்கு ஒட்டாது என்பதற்காகவே மாற்றவில்லை. 1991-லிருந்து அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலிலும் ஆஸ்திரேலியா முன்னின்று இதே கருவியை இழுக்கிறது. 2011-ல் இப்படி இழுக்கும் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு உலகக் கூட்டணி அமைத்துக்கொண்டன.

அதனால் என்ன தெரிந்தது? வட கடலில் கலானஸ் ஃபின்மார்கிகஸ் என்ற குளிர்நீர்க் கோப்பிபாட் இருந்தது, வசந்த காலத்தில் பெருகும். காட் மீனின் குஞ்சுகள் பொரிக்கிற நேரமும் அதுதான், தீனி தயாராக இருக்கும். கடல் சூடாகச் சூடாக அது வடக்கே ஒதுங்க, அந்த இடத்துக்குக் கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் என்ற வெதுவெதுப்பு நீர் இனம் வந்தது, இது இலையுதிர் காலத்தில்தான் அதிகம் பெருகும். பார்ப்பதற்கு இரண்டும் அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும், ஐந்தாவது ஜோடிக் காலின் உள்விளிம்பு எப்படி வளைந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். எடை மட்டும் போட்டுப் பார்த்திருந்தால் கோப்பிபாட் இருக்கிறது, தீனி இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று எழுதியிருப்பார்கள். குஞ்சுகளுக்குப் பசிக்கிற மாதத்தில் தட்டு காலி என்பது அந்த ஐந்தாவது காலைப் பார்த்த கண்களுக்குத்தான் தெரிந்தது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெப்பநீர்க் கோப்பிபாட்கள் நாற்பது வருடத்தில் சுமார் 10 டிகிரி அட்சரேகை, அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், வடக்கே நகர்ந்திருக்கின்றன என்று 2002-ல் இந்தத் தரவை வைத்துத்தான் காட்டினார்கள். இன்னொன்றும் உண்டு. 2004-ல் கடலில் நுண்பிளாஸ்டிக் எப்போதிலிருந்து கூடியது என்ற கேள்வி வந்தபோது, 1960-களிலிருந்து பத்திரமாக வைத்திருந்த அதே பட்டுத் துணிகளை எடுத்துப் பார்த்துப் பதில் கண்டுபிடித்தார்கள். சேகரித்தவர்கள் யாரும் பிளாஸ்டிக்கை நினைத்துச் சேகரிக்கவில்லை.

சேர்ந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கருங்கடல் இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த நெமியாப்சிஸ் என்ற, சொறிமீன் போலத் தோன்றும் சீப்பு ஜெல்லி, கப்பல்கள் தங்கள் நிலை தடுமாறாமல் இருக்க வயிற்றில் நிரப்பிக்கொள்ளும் கடல்நீரோடு வந்து 1980-களின் தொடக்கத்தில் அங்கே இறங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கடல் முழுக்க அதுதான், நெத்திலி வகை மீன்களின் முட்டையையும் குஞ்சையும், அவை தின்னும் மிதவையுயிரிகளையும் சேர்த்துத் தின்றது. அதீத மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள நெத்திலி பிடிப்பு சரிந்து விழுந்தது. துருக்கி, பல்கேரியா, ருமேனியா, சோவியத் என்று கரை முழுக்கத் தனித்தனி நாடுகள், நடுவில் பனிப்போர் காலத்து இரும்புத் திரை வேறு. 1997-ல் பெரோயி என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி அங்கே வந்து சேர்ந்தது, அது தின்பது நெமியாப்சிஸைத்தான், அதற்குப் பிறகே நிலைமை கொஞ்சம் தணிந்தது. அது தற்செயல் அதிர்ஷ்டம், யாருடைய திட்டமும் அல்ல. கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஜெல்லி அதற்குள் காஸ்பியன் கடலுக்கும் போய்விட்டது.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். 2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, 1902-லிருந்து இயங்கிவரும் சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம், அதாவது ஐசஸ், ரஷ்யாவின் பங்கேற்பை நிறுத்திவைத்தது. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை, குண்டு விழும் நாட்டின் விஞ்ஞானியிடம் போய் ஒத்துழைப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ஆர்க்டிக் கரையின் பாதியளவு ரஷ்யாவுடையது, மிக வேகமாகச் சூடாகும் கடலும் அதுவே. கருங்கடலில் கண்ணிவெடி மிதக்கிறது, அங்கே யார் போய் மாதாமாதம் வலை இழுப்பது? போர் முடிந்த பிறகு நகரங்களைத் திரும்பக் கட்டலாம், இழுக்காமல் விட்ட மாதங்களின் மாதிரியை எந்தப் பணம் கொடுத்தும் எடுக்க முடியாது. பேரண்ட்ஸ் கடலில் மட்டும் நார்வேயும் ரஷ்யாவும் மீன்வள ஆய்வு வேலையை இரு தரப்பாக எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவாவது இருக்கிறதே என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

போருக்கு நடுவில்தான் கதவு சாத்தும் என்றும் இல்லை, காகிதமே போதும். நாங்கள் ஒரு தடவை, பெயர் தெரியாத சில கோப்பிபாட்களைச் சரிபார்க்க வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு அனுப்பினோம். விலங்குப் பொருளா, ரசாயனமா, மரபணு வளமா என்று எந்தப் படிவம் போடுவது என்பதிலேயே மாதங்கள் போயின. திரும்பி வந்த பெட்டியில் பாதிப் புட்டிகள் காய்ந்து கிடந்தன, உள்ளே இருந்தவை நொறுங்கிப் பொடியாகிவிட்டன. அந்த நிபுணரும் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் இடத்துக்கு யாரையும் நியமிக்கவில்லை. சட்டங்களின் நோக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு நாட்டின் 200 கடல் மைல் மண்டலத்துக்குள் ஆய்வு செய்ய ஆறு மாதம் முன்பே விவரம் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும், அந்த நாட்டு ஆட்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், தரவையும் மாதிரியையும் பகிர வேண்டும் என்று ஐ.நா. கடல் சட்டம் சொல்வது நியாயமானது, அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கத்தான் அது. 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்துள்ள திறந்தகடல் ஒப்பந்தமும் எந்த நாட்டின் எல்லைக்கும் வெளியே உள்ள நீர்களுக்கு அதே மாதிரிப் பகிர்வையும் பயிற்சியையும் பேசுகிறது. நான் கேட்பது, வணிகத்துக்கு மரபணு தேடும் நிறுவனத்துக்கும், ஒரு ஸ்பூன் அளவு கோப்பிபாட்டை அடையாளம் காண அனுப்பும் ஆய்வகத்துக்கும் ஒரே வரிசை வேண்டாம் என்பதுதான்.

மரபணு என்றதும் சிலர் சொல்வார்கள், இனி கண்ணால் எண்ணவே வேண்டாம், ஒரு வாளி நீரில் இருக்கும் டிஎன்ஏவைப் படித்தால் போதும் என்று. அந்த முறையின் பலத்தை நான் மறுக்கவே மாட்டேன். உடல் அளவை வைத்துப் பிரித்த சில கலானஸ் இனங்கள் பல இடங்களில் தப்பாகப் பெயரிடப்பட்டிருந்தன என்று டிஎன்ஏதான் காட்டிக்கொடுத்தது. ஆனால் டிஎன்ஏ தருவது ஒரு எழுத்து வரிசை. அந்த வரிசை எந்த உயிருடையது என்று சொல்ல, முழுசாக அடையாளம் கண்ட ஒரு உடல் எங்கேயோ ஒரு புட்டியில் இருக்க வேண்டும், அதன் வரிசை பொதுத் தொகுப்பில் இருக்க வேண்டும். 2004 முதல் 2010 வரை நடந்த கடல் மிதவையுயிரிக் கணக்கெடுப்பில் பல நாட்டு வகைப்பாட்டியலாளர்கள் கப்பலிலேயே நுண்ணோக்கியும் டிஎன்ஏ கருவியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தார்கள். முழு வாழ்நாளும் மிதந்தே கழிக்கும் விலங்குகளில் பெயர் வைத்தவையே ஏறத்தாழ ஏழாயிரம் இனங்கள். அவற்றைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகிறார்கள்.

தரவைத் திறந்து வைத்தால் என்ன பலன் என்பதற்குக் கிரில் கணக்கு ஒன்று போதும். 2000-ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா, அமெரிக்கா என நான்கு நாட்டுக் கப்பல்கள் அண்டார்டிகாவின் அட்லாண்டிக் பக்கத்தில் ஒரே அலைவரிசை ஒலிக்கருவிகளை வைத்து, பாதைகளைப் பங்கு போட்டுக்கொண்டு கிரில்லை அளந்தன. முதலில் வந்த மதிப்பு 4.4 கோடி டன். பத்து வருடம் கழித்து, ஒலி கிரில்லின் உடம்பில் பட்டு எப்படித் திரும்புகிறது என்பது நன்றாகப் புரிந்த பிறகு, அதே பதிவுகளைத் திரும்பக் கணக்கிட்டார்கள், 6 கோடி டன் வந்தது. கப்பல் திரும்பவும் போகவில்லை. யாராவது ஒரு நாடு தன் பதிவைப் பூட்டி வைத்திருந்தால் அந்தத் திருத்தமே நடந்திருக்காது, அந்தக் கடலில் எவ்வளவு பிடிக்கலாம் என்ற பேச்சு முழுக்கத் தப்பான எண்ணின் மேல் நின்றிருக்கும்.

நான் கேட்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் மூன்று வருடத் திட்டம், ஐந்து வருடத் திட்டம் என்றே கொடுக்கிறார்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே வலையை இழுக்கிற வேலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, அது திட்டமே அல்ல, தபால் விநியோகம் மாதிரி நிற்காமல் நடக்க வேண்டியது. புதுக் கருவி வாங்குங்கள், கேமராவும் டிஎன்ஏவும் வரட்டும், ஆனால் பழைய வலையைக் கடலில் கொஞ்ச காலம் கூடவே இழுத்து இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுவிட்டு அப்புறம் மாறுங்கள். கரையோர நாடுகளில் இளையவர்களுக்கு ஐந்தாவது காலைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள், கற்றுக்கொடுக்கக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மிதவையுயிரி ஆய்வாளர்களின் சர்வதேசக் கருத்தரங்கு 1961-லிருந்து அவ்வப்போது நடக்கிறது, ஏழாவது 2024-ல் ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட்டில் நடந்தது. அதுமாதிரி இடங்களுக்கு, எண்ணும் மேசையில் உட்காரும் பணியாளர்களையும் கூட்டிப் போனால் என்ன?

உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. நான் வேலையை விட்டபோது பின்னறை அலமாரிகளில் வருடவாரியாக அடுக்கிய போத்தல்களை விட்டு வந்தேன். எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஃபார்மலின் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும், வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நிரப்ப வேண்டும், எழுத்து மங்கிய சீட்டை மாற்றி எழுத வேண்டும். நாட்டில் இப்படி எத்தனை ஆய்வுக்கூடங்களில் எத்தனை அலமாரிகள் இருக்கின்றன, அவற்றை நிரப்ப இப்போது ஆள் இருக்கிறார்களா என்று உங்கள் செய்தியாளர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
கடல் மாதிரிகளை எண்ணும் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகி